கேமரா சலான் வந்துவிட்டதா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கேமரா பிடித்த விதிமீறலுக்கு இ-சலான் (இணையவழி அபராத நோட்டீஸ்) வந்தால் பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்று. படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். இல்லையென்றால் "இதெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். முதல் வகையினர் யாரோ செய்த தவறுக்குப் பணம் கட்டுகிறார்கள். இரண்டாம் வகையினர் வண்டியை விற்கப் போகும் நாளில் ஆர்டிஓ ஆபீஸில் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டையும் தவிர்க்கலாம், வரிசையாகச் செய்தால் போதும்.

1. வந்த செய்தி உண்மைதானா என்று பாருங்கள்

சலான் பெயரில் வரும் வாட்ஸ்ஆப் மோசடி இப்போது சர்வசாதாரணம். "உங்கள் வண்டிக்கு அபராதம், விவரம் பார்க்க இதை இறக்குங்கள்" என்று ஒரு ஏபிகே கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வரும். அதைத் தொட்டு நிறுவினால் உங்கள் எஸ்எம்எஸ்-களைப் படிக்கும் அனுமதி அதற்குப் போய்விடும், வங்கி ஓடிபியும் சேர்ந்து போகும். உண்மையான சலான் ஏபிகே கோப்பாக ஒருபோதும் வராது.

செய்தியில் உள்ள லிங்க் எதுவானாலும் அதைத் தொட வேண்டாம். பிரவுசரில் நீங்களே மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தைத் தட்டச்சு செய்து போங்கள். முகவரி 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிய வேண்டும். நடுவில் 'பரிவாஹன்' என்ற சொல் இருப்பது எதற்கும் சான்று இல்லை, போலித் தளங்களும் அதே சொல்லைத்தான் வைத்துக்கொள்கின்றன. கோப்பை ஏற்கெனவே நிறுவிவிட்டீர்கள் என்றால் இணையத்தைத் துண்டியுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள், 1930 என்ற சைபர் உதவி எண்ணுக்கு வேறு போனிலிருந்து பேசுங்கள். சலான் விவகாரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2. சலானைத் தேடி எடுங்கள்

தளத்தில் மூன்று வழிகளில் தேடலாம்: சலான் எண், வண்டி எண், லைசென்ஸ் எண். வண்டி எண்ணை வைத்துத் தேடினால் சேசிஸ் எண் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி 5 இலக்கங்களையும் கேட்கும், ஆகவே ஆர்சி கையில் இருக்கட்டும். சலான் எண் கையில் இருந்தாலும் வண்டி எண்ணை வைத்தே ஒருமுறை தேடுங்கள். உங்களுக்குத் தெரியாத பழைய சலான்கள் இருந்தால் அப்போதுதான் வெளியே வரும்.

இதில் ஒரு பொறி உண்டு. எல்லா மாநிலச் சலான்களும் இந்த ஒரே தளத்தில் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். தெலங்கானா, மகாராஷ்டிரா காவல்துறைகள் தனித் தளம் வைத்திருக்கின்றன. பெங்களூரு போக்குவரத்துக் காவல்துறையின் சலான்களை அவர்களுடைய தளத்திலும் கர்நாடக அரசின் சேவைத் தளமான கர்நாடகா ஒன்னிலும் தேட வேண்டும். அந்த ஊர்களுக்கு வண்டியில் போய்வந்திருந்தால் அங்கேயும் பார்த்துவிடுங்கள்.

3. படத்தை நிதானமாகப் பாருங்கள்

மொத்த வேலையில் இதுதான் முக்கியம், இதைத்தான் யாரும் செய்வதில்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் 167ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. கேமரா, வேகம் அளக்கும் கருவி, நம்பர் பிளேட்டைத் தானாகப் படிக்கும் கருவி எல்லாம் அதற்குள் அடங்கும். கருவிக்கு மாநில அரசு குறிப்பிட்ட அதிகாரியின் ஒப்புதல் சான்று வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா கண்காணிக்கும் சாலையில் அதைச் சொல்லும் எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படி இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அந்த நோட்டீஸில் இவை இருக்க வேண்டும்:

- குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம்
- கருவி அளந்த அளவு (வேகமென்றால் எத்தனை கிலோமீட்டர்)
- தேதி, நேரம், இடம்
- மீறப்பட்ட சட்டப்பிரிவு
- நோட்டீஸ் அனுப்பிய தேதி
- மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் (முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு)

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் வண்டி உங்களுடையதா? எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. மாடல், நிறம், கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர், பம்பரில் உள்ள கீறல், கேரியர், சீட் கவர் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். இயந்திரம் எண்ணைத் தப்பாகப் படிப்பதற்குச் சில நிலையான காரணங்கள் உண்டு. 8-ஐ 'பி' என்றும், 0-வை 'டி' அல்லது 'ஓ' என்றும், 1-ஐ 7 என்றும் எடுத்துக்கொள்ளும். பிளேட்டின் திருகாணி எழுத்தின் மேல் விழுந்திருந்தாலோ, இருசக்கர வண்டியின் பின் பிளேட் வளைந்திருந்தாலோ, எழுத்து அலங்காரமாக எழுதப்பட்டிருந்தாலோ இந்தக் குழப்பம் அதிகம்.

வண்டி உங்களுடையதுதான் என்றால் அடுத்து, குற்றம் படத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு குற்றத்துக்கும் பார்க்க வேண்டியது வேறு.

*சிக்னல் மீறல்:* சிவப்பு விளக்கும், நிறுத்தக் கோடும், உங்கள் வண்டியும் ஒரே சட்டகத்தில் இருக்க வேண்டும். சிவப்பு விழுந்த பிறகு கோட்டைத் தாண்டினீர்கள் என்பதைக் காட்ட ஒரே ஒரு படம் போதாது, கோட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று வேண்டும். மஞ்சளில் கோட்டைத் தாண்டிவிட்டு, நெரிசலால் சந்திப்பின் நடுவில் நிற்கும்போது சிவப்பு விழுந்தால் அந்த ஒற்றைப் படம் உங்களைக் குற்றவாளிபோலக் காட்டும். போக்குவரத்துக் காவலர் கைகாட்டி அனுப்பியதோ, ஆம்புலன்ஸுக்கு வழிவிட முன்னால் நகர்ந்ததோ கேமராவுக்குத் தெரியாது. காவலர் சைகை விளக்குக்கு மேலானது. படத்தின் ஓரத்தில் அந்தக் காவலரோ ஆம்புலன்ஸோ தெரிகிறதா என்று தேடுங்கள். உங்களிடம் டேஷ்கேம் (வண்டிக்குள் பொருத்தும் கேமரா) பதிவு இருந்தால் உடனே பிரதி எடுத்துவிடுங்கள், பெரும்பாலான டேஷ்கேம்கள் கார்டு நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும்.

*வேகம்:* ஓரிடத்தில் அளந்ததா, இரண்டு கேமராக்களுக்கு இடையிலான சராசரியா என்று பாருங்கள். சராசரி என்றால் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 5 கிலோமீட்டரை 180 நொடியில் கடந்தால் மணிக்கு 100 கிலோமீட்டர். வரம்பு எவ்வளவு என்று சலான் சொல்கிறதோ, அந்தச் சாலையில் உங்கள் வகை வண்டிக்கு அதுதான் வரம்பா என்பதையும் பாருங்கள். காருக்கும் லாரிக்கும் இருசக்கர வண்டிக்கும் வரம்பு வேறு.

*சீட் பெல்ட், போன்:* கறுப்புச் சட்டைமேல் கறுப்பு பெல்ட் படத்தில் தெரியாது. காதைச் சொறிந்த கை போன் பிடித்த கைபோலத் தெரியும். இவற்றை அதிகாரி பார்த்துத்தான் அனுப்ப வேண்டும், ஆனாலும் தப்பி வருவது உண்டு.

*ஹெல்மெட்:* பின்னால் உட்கார்ந்தவருக்கும் சேர்த்துத்தான். ஓட்டியவர் போட்டிருந்தார் என்பது இங்கே பதில் ஆகாது.

பார்த்து முடித்ததும் சலானையும் படத்தையும் பதிவிறக்கி, அன்றைய தேதியோடு சேமியுங்கள். ஆட்சேபம் சொல்லும்போது இதுதான் உங்கள் முதல் ஆவணம்.

4. தொகையும், தொகைக்கு அப்பால் உள்ளதும்

2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் கேமராவில் அடிக்கடி சிக்கும் குற்றங்களுக்கான தொகை:

- ஹெல்மெட் இல்லாமை (194டி): ரூ. 1,000, கூடவே 3 மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு
- இருசக்கர வண்டியில் மூவர் (194சி): ரூ. 1,000, இதற்கும் 3 மாதம்
- சீட் பெல்ட் (194பி): ரூ. 1,000
- வேகம் (183): இலகு ரக வண்டிக்கு ரூ. 1,000 முதல் 2,000, நடுத்தர, கனரக வண்டிக்கு ரூ. 2,000 முதல் 4,000
- சிக்னல் மீறல், கையில் போன் (184, அபாயகரமாக ஓட்டுதல்): முதல் முறை ரூ. 1,000 முதல் 5,000 அல்லது சிறை, அல்லது இரண்டும்
- ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிக்கு வழிவிடாமை (194இ): ரூ. 10,000 அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்

இது சட்டத்தில் உள்ளது. நீங்கள் உண்மையில் கட்டுவது, 200ஆம் பிரிவின்கீழ் மாநில அரசு நிர்ணயித்த இணக்கத் தொகை, அதாவது நீதிமன்றத்துக்குப் போகாமல் முடித்துக்கொள்ளக் கட்டும் தொகை. அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாடு 2022 அக்டோபரில் இந்தத் தொகைகளை உயர்த்தியது, இங்கே ஹெல்மெட்டுக்கு ரூ. 1,000. சபரிமலைக்கோ மூணாறுக்கோ போய்வந்து சலான் வாங்கியவர்கள் கேரளத் தொகையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2023 ஜூனில் அங்கே கேமராக்கள் அபராதம் போடத் தொடங்கியபோது ஹெல்மெட்டுக்கும் சீட் பெல்ட்டுக்கும் ரூ. 500, வேகத்துக்கு ரூ. 1,500, போனுக்கு ரூ. 2,000 என்றிருந்தது.

லைசென்ஸ் தகுதியிழப்பு உள்ள பிரிவுகளைப் பணக் கணக்காக மட்டும் பார்க்காதீர்கள். ஓட்டுநர் வேலை செய்பவருக்கு 1,000 ரூபாயைவிட 3 மாதம்தான் பெரிது. ஆர்டிஓ-விடமிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் அதில் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். அபராதம் கட்டிவிட்டேனே என்று அதை ஒதுக்கிவைப்பது பலர் செய்யும் தவறு.

5. தவறு உங்களுடையதே என்றால்

கட்டிவிடுங்கள். யுபிஐ, கார்டு, நெட் பேங்கிங் எல்லாம் செல்லும். சாலையில் உள்ள போக்குவரத்துக் காவலரிடமும் பிஓஎஸ் கருவி (கார்டு தேய்க்கும் கருவி) வழியாகக் கட்டலாம். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது இல்லாமல் வராதீர்கள்.

பணம் கணக்கிலிருந்து கழிந்து, சலான் இன்னும் நிலுவை என்று காட்டினால் உடனே மறுபடி கட்டாதீர்கள். முடியாத பரிவர்த்தனையின் நிலையைச் சரிபார்க்கும் வசதி தளத்திலேயே இருக்கிறது, அதை முதலில் பாருங்கள். ரசீதை வண்டியை விற்கும்வரை வைத்திருங்கள்.

கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் நிலுவைச் சலான்களுக்குச் சில முறை தள்ளுபடி கொடுத்தார்கள் என்பது உண்மை. அதை நம்பி இங்கே காத்திருப்பது வீண். காத்திருக்கும் காலத்தில் சலான் நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

6. படத்தில் இருப்பது உங்கள் வண்டியே இல்லை என்றால்

இரண்டு சாத்தியம் உண்டு. இயந்திரம் தப்பாகப் படித்திருக்கலாம், அல்லது யாரோ உங்கள் எண்ணைப் போலி பிளேட்டில் போட்டு ஓட்டலாம். படத்தில் பிளேட்டைப் படித்துப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

தப்பாகப் படித்திருந்தால் வேலை சுலபம். இ-சலான் தளத்தின் புகார்ப் பகுதியில் சலான் எண்ணைக் கொடுத்து, "படத்தில் உள்ள எண் இது, என் எண் இது" என்று இரண்டே வரியில் எழுதுங்கள். ஆர்சி நகலையும், உங்கள் வண்டியின் முன்புறம், பின்புறம், இரு பக்கம் என நான்கு படங்களையும் இணையுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சலானில் எந்தக் காவல் அலுவலகத்தின் பெயர் இருக்கிறதோ அதற்கும் இதையே மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ அனுப்புங்கள். கோபத்தில் நான்கு பக்கம் எழுதினால் படிப்பவர் முக்கியமான வரியைத் தவறவிடுவார்.

போலி பிளேட் என்றால் அபராதத்தை ரத்து செய்வதோடு நிற்காதீர்கள். அந்த வண்டி நாளைக்கு விபத்து செய்தாலும் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, புகார் ரசீதோ முதல் தகவல் அறிக்கையோ வாங்குங்கள். அதோடு வைக்க வேண்டியவை:

- ஆர்சி, இன்சூரன்ஸ் நகல்
- உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் இருந்தால், அதில் பொறித்த லேசர் எண் தெரியும் படம்
- சேசிஸ் எண் தெரியும் படம்
- அந்த நேரத்தில் வண்டி வேறிடத்தில் இருந்ததற்குச் சான்று: ஃபாஸ்டேக் கணக்கு விவரம், அலுவலக அல்லது குடியிருப்பு வாசல் கேமரா பதிவு, பார்க்கிங் ரசீது, சர்வீஸ் சென்டர் ஜாப் கார்டு

வாசல் கேமரா பதிவு பல இடங்களில் சில வாரங்களிலேயே அழிந்துவிடும். முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

7. வண்டி உங்களுடையது, ஓட்டியவர் வேறு

தம்பி எடுத்துப் போனான், டிரைவர் ஓட்டினார், வாடகைக்கு விட்டிருந்தேன் என்பதெல்லாம் இந்த வகை. சலான் உரிமையாளர் பெயரில்தான் வரும். 133ஆம் பிரிவுப்படி, காவல்துறை கேட்டால் ஓட்டியவரின் பெயர், முகவரி, லைசென்ஸ் விவரத்தை உரிமையாளர் கொடுக்க வேண்டும். லைசென்ஸ் தகுதியிழப்பு வரக்கூடிய குற்றத்தில் இது முக்கியம், இல்லாவிட்டால் வண்டியையே தொடாத உங்கள் லைசென்ஸுக்கு நோட்டீஸ் வரும். டிரைவர் வைத்து வண்டி ஓட்டுபவர்கள் யார், எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்தார் என்று ஒரு நோட்டில் கையெழுத்தோடு எழுதிவைப்பது நல்லது.

ஓட்டியது 18 வயது நிரம்பாத பிள்ளை என்றால் இந்தக் கட்டுரை போதாது. 199ஏ பிரிவில் பெற்றோருக்கு அல்லது உரிமையாளருக்கு ரூ. 25,000 அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும், வண்டியின் பதிவுக்கு 12 மாத ரத்தும் இருக்கிறது. வழக்கறிஞரைப் பாருங்கள்.

8. எப்போதோ விற்ற வண்டிக்கு வந்தால்

பணம் வாங்கி, சாவி கொடுத்து, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கினால் விற்பனை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. சட்டத்தின் கண்ணில் ஆர்சியில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

50ஆம் பிரிவுப்படி விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்துக்கு விற்றால் 45 நாளுக்குள் என்ஓசி (தடையில்லாச் சான்று) சமர்ப்பிக்க வேண்டும். விற்றதைத் தெரிவிப்பது படிவம் 29, பெயர் மாற்ற விண்ணப்பம் படிவம் 30. இவற்றின் ஒப்புகை உங்களிடம் இருந்தால் நகலோடு சலான் அனுப்பிய அலுவலகத்துக்கு எழுதுங்கள், வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் வாங்கியவரை இன்றைக்கே பிடித்துப் பெயர் மாற்றத்தை முடியுங்கள். நிலுவைச் சலான் பெயர் மாற்றத்துக்கே தடையாக நிற்கும் என்பதால், முதலில் அதை நீங்களே கட்ட வேண்டி வரலாம். கசப்புதான், ஆனால் அடுத்தடுத்து வருவதை நிறுத்த வேறு வழியில்லை. பழைய கார் வாங்கி விற்கும் நிறுவனத்துக்கோ புரோக்கருக்கோ கொடுத்திருந்தாலும் இதே கதிதான்.

9. வர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போய்விட்டால்

குறித்த காலத்துக்குள் கட்டாத சலான் வர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது இணையவழி நீதிமன்றத்துக்குப் போகும். அதன் பிறகு இ-சலான் தளத்தில் கட்ட முடியாது, நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது என்று காட்டும். வர்ச்சுவல் கோர்ட் தளத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, வண்டி எண் அல்லது சலான் எண்ணை வைத்துத் தேடுங்கள். நீதிபதி முன்மொழிந்த அபராதம் அங்கே தெரியும்.

இரண்டு வழிகள் இருக்கும். அபராதம் கட்ட ஒப்புக்கொண்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும், வழக்கு அத்தோடு முடியும். எதிர்க்கிறேன் என்று தேர்ந்தெடுத்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும், அதுவும் குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் ஊரின் நீதிமன்றத்துக்கு. சென்னைக்காரருக்குக் கோவைச் சலான் என்றால் கோவைக்குத்தான் போக வேண்டும். 500, 1,000 ரூபாய் சலானுக்கு இது கட்டுப்படியாகுமா என்று யோசியுங்கள். வண்டி உங்களுடையதே இல்லை, லைசென்ஸ் பறிபோகும், அல்லது ஒரே தவறு பல சலான்களாக வருகிறது என்றால் எதிர்ப்பதில் அர்த்தம் உண்டு. மற்றபடி, நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே 6ஆம் படியில் சொன்ன புகாரில் முடித்துக்கொள்வதே லாபம்.

நீதிமன்றத்தில் நீங்களே பேசலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. சலான், படம், ஆர்சி, லைசென்ஸ், அடையாள அட்டை, நீங்கள் அனுப்பிய புகார்களின் நகல் ஆகியவற்றை இரண்டு செட் எடுத்துப் போங்கள். கேமராவின் ஒப்புதல் சான்று அந்தத் தேதியில் செல்லுபடியாக இருந்ததா என்று தெரிய வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். விசாரணைத் தேதிக்கு ஒரு வாரம் முன்பு போட்டால் பயன்படாது, சலான் வந்த உடனே போடுங்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

"பழைய சலான் காலாவதியாகிவிடும்" என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தில் 6 மாதத்துக்குள்ளும், ஓராண்டு வரை சிறை உள்ள குற்றத்தில் ஓராண்டுக்குள்ளும் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டத்தில் இருப்பதுதான். ஆனால் அது நீதிமன்றத்தில் எழுப்ப வேண்டிய வாதம். தளத்தில் உள்ள நிலுவை தானாக மறையாது.

10. மொபைல் எண்ணையும் முகவரியையும் சரிசெய்யுங்கள்

சலான் வந்ததே தெரியவில்லை என்பவர்களில் பலரின் ஆர்சியில் இருப்பது ஷோரூம்காரர் கொடுத்த எண், அல்லது எப்போதோ விட்டுவிட்ட எண். வண்டிப் பதிவுக்கான வாகன் தளத்தில் வண்டி எண், சேசிஸ் எண், எஞ்சின் எண் கொடுத்து மொபைல் எண்ணை மாற்றலாம். வீடு மாறினால் 30 நாளுக்குள் படிவம் 33-இல் முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். எண்ணை மாற்றிய பிறகு எம்பரிவாஹன் செயலியில் வண்டியைச் சேர்த்துவைத்து, வெளியூர்ப் பயணம் போய்வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து ஒருமுறை சலான் பகுதியைத் திறந்து பாருங்கள். இன்சூரன்ஸும் மாசுச் சான்றும் காலாவதியாகாமல் இருக்கட்டும், சில மாநிலங்களில் சுங்கச்சாவடியைக் கடக்கும்போதே இவற்றைச் சரிபார்த்துச் சலான் அனுப்பிவிடுகிறார்கள்.